துண்டு: ஹட்டன் பக்கம் ஆறு நாள்

முதலாம் நாள் – 14 ஜூன் 2025, சனி

இரவு பஸ்ஸில் கழுத்துப் பிடித்துவிட்டது. கண்டியில் இறங்கி, ஸ்டேஷன் வாசலில் ஒரு பிளேன்டீயும் மீன் பணிசும். பிறகு பொடி மெனிக்கே ரயிலில் மூன்றாம் வகுப்பு. நாவலப்பிட்டி வரை கதவடியில் நின்றேன். நின்றதும் நல்லதுக்குத்தான், வட்டவளை நெருங்க மூடுபனி முகத்தில் வந்து அடித்தது. யாழ்ப்பாணத்து வெயிலில் காய்ந்த தோலுக்கு அது பெரிய சுகம்.

உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பிக்கத் தொடங்கி முப்பத்தொரு வருடம். அடுத்த வருடம் பென்சன். சென்மதி நிலுவை, இறக்குமதிப் பதிலீடு, கட்டமைப்புச் சீராக்கம் என்று எழுதி எழுதிக் கரும்பலகையே தேய்ந்துபோயிற்று. 2022இல்தான் படிப்பிப்பது லேசாகியது. உதாரணம் எல்லாம் பிள்ளைகளின் வீட்டு அடுப்படியிலேயே இருந்தது.

அந்த வருடம் கொழும்பு மச்சாள் போன் எடுத்து அழுதா. காஸ் இல்லை, கரண்ட் இல்லை, பால்மா இல்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு அற்பச் சிரிப்பு. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சவர்க்காரத்துக்குப் பதில் பனங்காயால் உடுப்புத் தோய்த்த ஆட்கள் நாங்கள். தட்டுப்பாட்டில் எங்களை விட்டால் ஆர் என்று ஒரு எண்ணம். விடைத்தாள் திருத்தும் இடத்தில் பழக்கமான ஹட்டன் தோழி ஒருத்தியிடம் அதைச் சொன்னேன். அவ சிரிக்கவில்லை. “அக்கா, ஒரு தடவ எங்க பக்கம் வந்துட்டுப் பேசுங்க” என்றா. மூன்று வருடம் கழித்து வருகிறேன்.

நாவலப்பிட்டியில் இடம் கிடைத்தது. பக்கத்தில் கொட்டகலைத் தம்பி ஒருவர், கொழும்பில் வங்கி வேலை. கதை எப்படியோ நாட்டுக் கடனுக்கு வந்துவிட்டது. “ஐ.எம்.எப். வரலேன்னா லெபனான் கதிதான் மேடம்.” நான் மறுக்கவில்லை. 2019 டிசம்பரில் வற் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டி, கஜானாவைத் தாங்களே காலியாக்கி, 2022 ஏப்ரல் 12இல் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று கையை விரித்த நாடு இது. ரூபாவை மிதக்கவிட, 200இல் நின்ற டொலர் 360ஐத் தாண்டியது. பணவீக்கம் அந்த செப்டெம்பரில் 70 வீதத்தைத் தொட்டது. யாரோ ஒருவர் வந்து கணக்கைப் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. 1965இலிருந்து பதினாறு தரம் சர்வதேச நாணய நிதியத்திடம் (அதுதான் ஐ.எம்.எப்.) போயிருக்கிறோம். 2023 மார்ச்சில் கிடைத்தது பதினேழாவது.

ஆனால் ஒன்று கேட்டேன். 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது ஊழியர் சேமலாப நிதியை (ஈ.பி.எப்.) தொட்டார்கள், வங்கிகள் வைத்திருந்த அரசாங்க முறிகளை, அதாவது கடன் பத்திரங்களை, தொடவில்லை. ஏன்?

“பேங்க்கத் தொட்டா டெபொசிட் போட்டவங்க எல்லாம் ரோட்டுக்கு வந்துருவாங்களே மேடம்.”

“ஈ.பி.எப். காரர் வரமாட்டினமோ?”

கொஞ்சம் யோசித்தார். “அவங்களுக்குத் தெரியாதே.”

கெட்ட மனிதர் இல்லை. ஹட்டனில் என் பையை அவர்தான் இறக்கித் தந்தார்.

இரண்டாம் நாள் – 15 ஜூன், ஞாயிறு

தோழி டவுனில் வாடகை வீட்டில் இருக்கிறா. அவவின் அம்மா தோட்டத்தை விட்டு வரமாட்டாவாம். நோர்வூட் பாதையில் போய், பிறகு ஓட்டோவின் அச்சை முறிக்கிற மாதிரி ஒரு மேட்டில் ஏறினால் தோட்டம். பெயரை எழுதப்போவதில்லை.

பத்துக் காம்பரா லயம், தொழிலாளர் வரிசை வீடு. தகரக் கூரை, மேலே காற்றுக்குப் பறக்காமல் கற்கள். இஸ்தோப்பின் (முன் விறாந்தையின்) ஈரப் பக்கத்தை மறைத்து ஒரு அரிசிப் பை தொங்குகிறது. 2022இல் தமிழ்நாட்டு அரசு அனுப்பிய அரிசி வந்த பை. அந்த மே மாதம் வந்த முதல் கப்பலில் மட்டும் 9,000 தொன் அரிசி. அரிசி முடிந்து மூன்று வருடம். பை இன்னும் சாரல் மறைக்கிறது. எழுத்து வெளிறிவிட்டது, தமிழ் என்று மட்டும் தெரிகிறது.

அம்மாவுக்கு எண்பது இருக்கும். கோதுமை மா ரொட்டி, கட்டச் சம்பல், சாயத் தேத்தண்ணி. நான் 2022 பற்றிக் கேட்டேன். “அதுவும் கஷ்டந்தான். மா விலை ஏறிப்போச்சி. ஒரு நேரத்தக் கொறச்சோம்.” அவ்வளவுதான். பெரிய விஷயமாக எடுக்கவில்லை. பிறகு தானாகவே ஆரம்பித்தா: “எழுவத்தி நாலுதாம்மா பஞ்சம்.”

அதன்பிறகு ஒரு மணித்தியாலம் நான் வாய் திறக்கவில்லை. வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள்தான் வேலை கொடுத்தார்களாம். கூப்பன் அரிசி போதாது. பாண் வரிசைக்கு டவுனுக்குப் போனால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும். மரவள்ளி, கீரை, கிடைத்த கிழங்கு. “சாவு விழாத லயம் இல்ல. குழி வெட்ட ஆளுக்குத் தெம்பு இல்ல.” சொல்லும்போது ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தா.

வகுப்பில் 1970–77ஐ நான் எப்படிப் படிப்பிக்கிறேன் தெரியுமா? உலகச் சந்தையில் அரிசி, கோதுமை, எண்ணெய் விலை ஏற்றம், தேயிலைக்கு விலை இல்லை, அந்நியச் செலாவணி நெருக்கடி, இறக்குமதிக் கட்டுப்பாடு, அதன் நன்மைகள் நான்கு, தீமைகள் நான்கு. நன்மைகளில் முதலாவது: யாழ்ப்பாணக் கமக்காரரின் எழுச்சி. மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு வெளியிலிருந்து வராததால் எங்கள் பக்கத்தில் கல்வீடுகள் எழும்பின. உழவு மெஷின் வந்தது.

எங்கள் வீடும் அப்படி எழும்பியதுதான். அப்பாவின் செத்தல் மிளகாய்க் காசு. முன் விறாந்தையில் சீமெந்தில் 1974 என்று போட்டிருக்கிறது. இன்றைக்கும் நான் கால் வைக்கிற படி அது.

அம்மா சொல்லிக்கொண்டே போனா: “புள்ளைங்கள அனுப்பிச்சோம். வயித்துக்காவது கிடைக்கும்னு. கொழும்புக்கு, கண்டிக்கு… யாப்பாணத்துக்கும் போச்சிங்க கொஞ்சம்.”

தோழி என்னைப் பார்க்கவில்லை. நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்தேன்.

அந்த வீட்டுக்குக் குடிபூர்ந்த வருடம் எங்களிடம் வேலைக்கு ஒரு பிள்ளை வந்தாள். எனக்கு எட்டு வயது, அவளுக்குப் பத்தோ பதினொன்றோ. பெயர் லெட்சுமி. அம்மம்மாவின் பெயரும் அதுதான் என்பதால் என் அம்மா அவளை மணி என்று மாற்றிக் கூப்பிட்டா. 77 கலவரத்துக்குப் பிறகு ஒரு மாமன் வந்து கூட்டிப்போனார். வவுனியாப் பக்கம் காணி வெட்டுகிறோம் என்றார். எந்தத் தோட்டத்துப் பிள்ளை என்று எங்கள் வீட்டில் ஒருவரும் ஒருநாளும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இன்றைக்கு இது போதும்.

மூன்றாம் நாள் – 16 ஜூன், திங்கள்

தோழி பள்ளிக்கூடம் போய்விட்டா. அவவின் அண்ணியோடு மலைக்குப் போனேன். (மலை என்றால் இங்கே கொழுந்து எடுக்கிற இடம். ஆறாம் நம்பர் மலை, எட்டாம் நம்பர் மலை.) இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்குக் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு போகிறார்கள். எனக்கும் பூசிவிட்டார்கள். இரண்டு அட்டை அதையும் மீறிக் கடித்தது.

கை வேகத்தைப் பார்த்தால் எடுப்பதே தெரியாது, சத்தம்தான் கேட்கும். பின்னேரம் கொழுந்து மடுவத்தில் நிறுத்தார்கள். தராசு டிஜிட்டல், சிவப்பு எழுத்தில் 21.4 என்று காட்டியது. கணக்கப்பிள்ளை 19 என்று எழுதினார். சாக்குக்கும் ஈரத்துக்கும் கழிவாம். மழை நாள் அல்லவா என்றார். வெயில் நாளிலும் கழிவு உண்டா என்று கேட்டேன். அண்ணி என் கையைப் பிடித்து அழுத்தினா. இங்கே இருபது கிலோ கணக்கு. குறைந்தால் சம்பளம் இல்லை.

இரவு அண்ணி தன் சம்பளத் துண்டைக் காட்டினா. போன மாதம் 17 நாள். நாளொன்றுக்கு 1,350 படி 22,950. சேமலாப நிதிக்கு 8 வீதம், 1,836. தீபாவளி முற்பணத் தவணை 2,000. சந்தா, கோயில், தேயிலைத்தூள். கைக்கு வந்தது 18,420. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். பன்னிரண்டாம் திகதியிலிருந்து மின்கட்டணம் 15 வீதம் ஏறியிருக்கிறது. ஜனவரியில் 20 வீதம் குறைத்தபோது நிதியம் முகம் சுளித்தது, உற்பத்திச் செலவுக்குக் கீழே விற்கக்கூடாது என்பது நிபந்தனை.

துண்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன், தொழில் பழக்கம். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் கேட்டு வருடக்கணக்காகப் போராடி, 2021 மார்ச்சில்தான் சம்பள நிர்ணய சபை வழியாகக் கிடைத்தது. அன்றைய விலையில் ஐந்து டொலர். பதினான்கு மாதத்தில், கையில் அதே ஆயிரம். டொலரில் மூன்றுக்கும் கீழே. 2024இல் தேர்தல் நெருங்க 1,700 என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கடைசியில் 1,350. இன்றைய டொலரில் நாலரை. மேலே ஏறியது இலக்கம்தான். 2021இல் நின்ற படியை அண்ணி இன்னும் பிடிக்கவில்லை. தேயிலை டொலருக்குத்தான் விற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வாக்கைப் பற்றிக் கேட்டேன். போன செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் நுவரெலியா மாவட்டம் சஜித்துக்கு. இரண்டே மாதத்தில், நவம்பர் பொதுத் தேர்தலில், திசைகாட்டிச் சின்னத் தேசிய மக்கள் சக்திக்கு முதலிடம். “சங்கத் தலைவர்மாருக்கு ஒரு பாடம் வேணும்னு போட்டோம்” என்றா. புதிய அரசாங்கமும் அதே நிதிய உடன்படிக்கையில்தானே நிற்கிறது என்று சொன்னேன். “அப்ப எதுக்கு டீச்சர் எலெக்சன் வைக்கிறாங்க?” என்னிடம் நல்ல விடை இல்லை. ஒரு மோசமான விடையைச் சொன்னேன்.

சேமலாப நிதியைப் பற்றியும் விளங்கப்படுத்திப் பார்த்தேன். உங்கட காசை அரசாங்க முறியில் போட்டிருக்கினம். அந்த முறிகளை மாற்றி, 2025 வரைக்கும் 12 வீதம், அதற்குப் பிறகு 9 வீதம் என்று புதுசு கொடுத்திருக்கினம். 2022இல் விலைவாசி அந்தப் பறப்புப் பறந்தபோது உங்களுக்கு விழுந்த வட்டியும் 9தான். முப்பத்தொரு வருட அனுபவம். அண்ணி மரியாதைக்குத் தலையாட்டினா. பிறகு, “அம்பது வயசுல குடுப்பாங்கல்ல?” என்று மட்டும் கேட்டா.

ரயிலில் வந்த தம்பி சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

நான்காம் நாள் – 17 ஜூன், செவ்வாய்

திருத்தம் முதலில். இருபது கிலோவுக்குக் குறைந்தால் சம்பளம் இல்லை என்று நேற்று எழுதினேன். அண்ணி வாசித்துவிட்டு (ஆம், வாசிக்கிறா) சொன்னா: அரைப்பேர் போடுவார்கள், பாதிச் சம்பளம். சில நாள் கணக்கப்பிள்ளை மனசு வைத்தால் முழுப்பேர். “மொட்டையா எழுதாதீங்க டீச்சர்.”

விடாத மழை. டவுன் வீட்டிலேயே இருந்தோம். தோழியின் கணவருக்குத் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) வேலை. பழைய காகிதம் சேர்க்கிற பைத்தியம். துண்டு என்ற சொல்லுக்கு இன்னொரு அர்த்தம் இருக்கிறது என்று தொடங்கினார்.

தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டி வந்த காலம். கப்பல் காசு, வழிச் சாப்பாடு எல்லாம் கங்காணி கணக்கில் கடனாக ஆளின் தலையில் ஏறும். தோட்டம் மாற வேண்டுமென்றால் துரை (தோட்ட நிர்வாகி) ஒரு காகிதம் கொடுப்பார்: இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுகிறேன். அதுதான் துண்டு. புதுத் தோட்டம் அந்தத் தொகையைக் கட்டி ஆட்களை எடுக்கும். கடன் தீராது, கைமாறும். கங்காணி ஒவ்வொரு மாற்றத்திலும் தொகையை ஏற்றுவார். 1921இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள்.

எனக்கு உடனே தலைக்குள் மணி அடித்தது. 2024 டிசம்பரில் 12.5 பில்லியன் டொலர் சர்வதேச முறிகளை மாற்றிக் கொடுத்தார்களே, அதில் ஒரு வகையில் நாட்டின் வளர்ச்சி எதிர்பார்த்ததைவிடக் கூடினால் முறிக்காரருக்குக் கொடுப்பதும் கூடும். நல்லாய் உழைத்தால் கடனும் வளரும். “இதுவும் துண்டுதானே?” என்று உற்சாகமாகக் கேட்டேன்.

தோழிக்குக் கோபம் வந்துவிட்டது. “இல்லக்கா. எங்க பாட்டன் கடன் வாங்கல, அவன் தலையில எழுதினாங்க. நாட்டுக் கடன வாங்கினது நாம ஓட்டுப் போட்டு அனுப்பின ஆளுங்க. 2019ல கோட்டாபயவுக்கு அறுபத்தொம்போது லட்சம் பேர் போட்டாங்களே.”

“நீங்களும் போடேல்லை, நாங்களும் போடேல்லை.”

அதற்குச் சிரித்தா. ஆனாலும் அவ சொன்னது சரி. உவமை அழகாக இருக்கிறது என்பதற்காகக் கணக்கை மறைக்கக்கூடாது.

பிறகு பேச்சு 1953க்குப் போனது. ஜே.ஆர். நிதி அமைச்சர். மானியத்தை வெட்டி, ஒரு கொத்து அரிசியை 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏற்றினார்கள். ஆகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடு நின்றது. அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் ஒரு பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறிக் கூட்டம் நடத்தியது. ஒக்டோபரில் பிரதமர் டட்லி பதவி விலகினார். (69 வருடம் கழித்து கோட்டாபயவும் கடற்படைக் கப்பலைத்தான் தேடிப் போனார்.) அதன் பிறகு அரிசி விலையில் கை வைக்க ஒவ்வொரு அரசாங்கமும் பயந்தது. பயந்தது வாக்காளருக்கு. மலையகத் தமிழருக்கு 1948, 49 சட்டங்களோடு குடியுரிமையும் வாக்கும் போய்விட்டன. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் பேசி, ஆட்களை இரண்டு நாட்டுக்கும் பங்கு பிரித்தார்கள். 1974இல் லயங்களில் சாவு விழுந்தபோது பதவி போகும் என்று பயப்பட ஒரு எம்.பி.யும் இல்லை.

இப்போது வாக்கு இருக்கிறது. வங்கிக்காரருக்குப் பயப்படுகிற அளவு அண்ணிக்குப் பயப்படுகிறார்களா என்பதுதான் மழை முழுக்க எனக்குள் ஓடியது.

ஐந்தாம் நாள் – 18 ஜூன், புதன்

தலவாக்கலை வழியாக நுவரெலியா. சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு முன்னால் பஸ்ஸில் எல்லாரும் போனைத் தூக்கினார்கள்; மேல் கொத்மலை நீர்மின் திட்டத்துக்குப் பிறகு அதில் எவ்வளவு தண்ணீர் விடுவது என்பதும் ஒரு பேச்சுவார்த்தைதான். நுவரெலியா டவுன் எனக்குப் பிடிக்கவில்லை. குதிரைச் சாணம், ஸ்ட்ரோபெரி, செல்பி.

வெளியே ஒரு லீக்ஸ் தோட்டத்தில் வரம்பில் இருந்து கதைத்தது மட்டும் எழுதவேண்டும். 2021 மேயில் இரசாயன உரத்துக்குத் தடை. ஒரே இரவில் நாடு முழுக்கச் சேதனப் பசளை என்றார்கள். ஐயா தன் கட்டைவிரலைக் காட்டினார்: “லீக்ஸ் இந்தத் தடிப்புக்குத்தாம்மா வந்துச்சி. யாவாரி கையில எடுத்துப் பாத்துட்டு வச்சிட்டுப் போயிட்டான்.” நவம்பரில் தடையைத் தளர்த்தினார்கள், உரம் வந்தபோது வாங்க முடியாத விலை. மூடையைப் பாதிப் பாதியாகப் பங்குபோட்டு வாங்கினார்களாம். டொலரை மிச்சம்பிடிக்கப் போட்ட தடை அது. தேயிலை 2021இல் 30 கோடி கிலோவுக்குக் கிட்ட. அடுத்த வருடம் 25 கோடி. மிச்சம்பிடித்ததைவிட இழந்தது கூட.

திரும்பி வந்து ஸ்டோருக்குப் போனேன். வாடல் தட்டில் கொழுந்து காய்கிற வாசம் சட்டையில் இன்னும் இருக்கிறது. தோழியின் கணவர் ஈரானுக்குப் போகிற தேயிலையைப் பற்றிச் சொன்னார்: எண்ணெய் வாங்கிய பழைய கடன் 251 மில்லியன் டொலர்; அதைத் தேயிலையாகக் கழிப்பதாக 2021 கடைசியில் உடன்பாடு. கடனைக் கொழுந்தில் அடைக்கிற நாடு. நான் துண்டு என்று வாயெடுக்கவில்லை, நேற்று வாங்கியது போதும்.

கென்யா என்றால் ஸ்டோர்க்காரருக்கு விலைப் போட்டி. எனக்குக் கென்யா என்றால் போன வருட ஜூன். அங்கும் நிதியத்தின் திட்டம், அங்கும் வரி. பாணுக்கு வற் போடப் பார்த்தார்கள். அதைக் கைவிட்ட பிறகும் மற்ற வரிகளுக்காகப் பிள்ளைகள் 25ஆம் திகதி நைரோபி நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். அடுத்த நாள் ஜனாதிபதி ரூட்டோ சட்டமூலத்தைக் கைவிட்டார். இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பில் பார்த்த அதே காட்சி. அங்கே கொழுந்து எடுக்கிற பெண்ணின் துண்டில் என்ன எழுதியிருக்கும் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

ஆறாம் நாள் – 19 ஜூன், வியாழன்

விடிய எழும்பி ஒருதரம் தோட்டத்துக்குப் போய்வந்தேன், அம்மாவிடம் சொல்லிக்கொள்ள. இவ்வளவு நாளும் கேட்காததைக் கேட்டேன். எழுபத்து நாலில் இந்தப் பக்கத்திலிருந்து யாழ்ப்பாணம் போன பிள்ளைகளில் லெட்சுமி என்று ஒருத்தி?

“லெச்சுமியா? இந்த டிவிசன்ல மட்டும் நாலு லெச்சுமிம்மா.” விரலை மடக்கினா. ஒருத்தி பஞ்சத்திலேயே போய்விட்டாள். ஒருத்தி குடும்பத்தோடு இந்தியா போய்க் கூடலூரில் இருக்கிறாள். ஒருத்தி அடுத்த லயத்தில், காது கேட்காது, வெளியூர் போகாதவள். நாலாவது ஆளைத் தெரியவில்லை, போனவள் திரும்பவில்லை. “ஒங்க வீட்டு லெச்சுமிக்குப் பொடனியில தீக்காயம் இருந்துச்சா? அடுப்புல விழுந்த புள்ள அது.”

மணி எப்போதும் தலைமுடியை விரித்துவிட்டிருப்பாள். என் அம்மா அதற்காகவே ஏசுவா. பின்கழுத்தை நான் பார்த்ததில்லை.

வேறு தோட்டத்துப் பிள்ளையாகவும் இருக்கலாம். மலையில் எத்தனை தோட்டம், எத்தனை லெட்சுமி.

அம்மா ஒரு பையில் தேயிலைத்தூள் தந்தா. சம்பளத்தில் கழித்துக் கொடுக்கிற தூள்தான். காசு கொடுக்கப் போய்ப் பேச்சு வாங்கினேன். அண்ணி மலைக்குப் போய்விட்டா. இந்த மாதம் இருபது நாளாவது பிடிக்கவேண்டுமாம்.

கண்டியில் பஸ் மாறி, இதை பஸ்ஸில் இருந்தே எழுதுகிறேன். குளிர் விட்டுப்போய்விட்டது, கழுத்தும் சரி. மதவாச்சி தாண்டியாயிற்று. வவுனியாவில் பத்து நிமிடம் நிற்கும் என்கிறார் கொண்டக்டர்.